அமிர்தநாதன் அளந்த தேத்தண்ணி

உலகம் முழுக்கத் தேயிலையை வாங்கிக் குடிக்கிறது, ஹட்டனில் ஒரு மனிதர் மட்டும் அதை வாங்கி எரிக்கிறார் என்று அமிர்தநாதனைக் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை. தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் சிறிய சோதனைச்சாலையில் அவர் உதவியாளராக இருந்தார். தோட்டங்களிலிருந்து வரும் தேயிலையைப் பீங்கான் கிண்ணத்தில் நிறுத்துப் போட்டு, உலைக்குள் வைத்து, கறுப்பெல்லாம் போய்ச் சாம்பலாகும்வரை எரிப்பார். கடைத்தெருவில் அமிர்தநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'சாம்பல் மாஸ்டர்' என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள்.

எதற்காக எரிப்பது? கொழுந்தில் கொப்புள நோய் விழுந்திருந்த காலம் அது. நோய் இந்தியாவிலிருந்து காற்றோடு கடல் தாண்டி வந்தது என்றார்கள். மனிதர்கள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வர ஆயிரத்தெட்டுத் தாள் கேட்கத் தொடங்கியிருந்த நேரத்தில், அந்தப் பூஞ்சணத்திடம் மட்டும் பாஸ்போட்டு கேட்க ஆளில்லை. அதை அடக்கச் செம்புத் தூளைத் தண்ணீரில் கலக்கி மலை மலையாகத் தெளித்தார்கள். தெளித்த மருந்து இலையோடு போய்ச் சீமையில் யாருடைய கோப்பையிலாவது இறங்கிவிட்டால்? வாங்குகிறவர்கள் தேயிலையில் செம்பு எவ்வளவு என்று கேட்டார்கள். மருந்தைத் தெளித்தவன் உடம்பில் எவ்வளவு என்று கேட்டவர் எவருமில்லை.

அமிர்தநாதனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தோட்டத்து உபதேசியாரின் மகன். பாதர் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, வெயிலும் மழையும் படாத வேலைக்கு வந்துவிட்ட பெருமை அவருக்கு உண்டு. தேயிலைச் சாம்பல் வெள்ளையாக இருக்காது, லேசாகப் பச்சை ஓடும். அது மாங்கனீசு என்று ஆள் கிடைத்தால் சொல்லிவிடுவார். சாம்பலை அமிலத்தில் கரைத்து வடிகட்டி, மேலே மருந்து சொட்டினால் தேன்நிறம் எழும்பும். செம்பு கூடினால் நிறமும் கூடும். பக்கத்தில், அளவு தெரிந்த நிறங்களைக் குழாய்களில் வரிசையாக வைத்திருப்பார். எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் கணக்கு. ஊற்றிய தேத்தண்ணியையும் வற்றவைத்து எரித்துப் பார்ப்பார். இலையில் ஒட்டிய செம்பில் பெரும்பங்கு சக்கையிலேயே தங்கிவிடும், கோப்பைக்குக் கொஞ்சம்தான் வரும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. "பயப்படாம குடிங்க" என்று கடைக்காரருக்குக்கூட உறுதி கொடுத்திருக்கிறார்.

அவருக்கு ஒரே தங்கை, மரியநாயகி. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் றோலண்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். றோலண்ட் நல்ல பாட்டுக்காரன். கிறிஸ்மஸுக்கு அவன் பாடினால் இந்துக்களும் மாதா கோயில் வாசலில் வந்து நிற்பார்கள். கொஞ்சம் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் தோட்டத்தில் அவனை மருந்து கலக்கும் வேலைக்குப் போட்டார்கள். ஓடைக்குப் பக்கத்தில் பீப்பாயை வைத்து, தூளைக் கொட்டி, கம்பால் கலக்கி, மருந்தடிக்கிறவர்களின் முதுகு டாங்கியில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கை முழங்கைவரை நீலம் பாரித்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நின்றுவிடும். மரியநாயகி அதைப் பார்த்துச் சிரித்து, "கிருஷ்ணசாமி வந்திட்டாரு" என்பாளாம். வேதக்காரி வாயில் கிருஷ்ணசாமி வருவதைக் கேட்டு, வரிசை வீடுகளாக நின்ற லயமே சிரிக்கும்.

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மழையில் அந்தச் சிரிப்பு நின்றது. அவர்கள் மகன் சூசை, தத்தித் தத்தி நடக்கும் வயது, வயிற்றுப்போக்கில் விழுந்தான். பிறகு வாந்தி. வாந்தியில் பச்சை தெரிந்தது என்று பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கண்ணு சொன்னாள். மருந்துக்காரர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பச்சை என்ற சொல் மரியநாயகியின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கே லயம் கேட்கப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடையில பீப்பாயக் கழுவுறவன் நீ. அந்தத் தண்ணிதான் நாம புடிச்சுக் குடிக்கிற பீலிக்கு வருது. அந்தக் கையாலதான் புள்ளைக்கி ரொட்டி பிச்சுக் குடுத்த. ஒன் கைதான்யா எம் புள்ளையக் கொன்னுச்சு!"

றோலண்ட் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு என்றால் தப்பு. அவனுக்கே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேசாமல் இருக்கிறவனைப் பார்த்தால் ஊருக்கு என்ன தோன்றும்? மறுவாரமே பீலியில் அவன் வாளி வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

மரியநாயகி வட்டகொடையில் ரயில் ஏறி ஹட்டனுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வெறுங்கையோடு வரவில்லை. பீலித் தண்ணீர் ஒரு போத்தல், ஓடைத் தண்ணீர் ஒரு போத்தல், வீட்டில் மிச்சமிருந்த தேயிலைத் தூள், அம்மாவின் பித்தளைக் கூஜா. எல்லாவற்றையும் ஒரு படங்குச் சாக்குத் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணே, வெள்ளக்காரவுங்க குடிக்கிற கோப்பையில செம்பு இருக்கான்னு பாக்குறீங்கல்ல? எம் புள்ள குடிச்சதுல இருந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

"பாத்து என்ன பண்ணப் போற, மரியா?"

"இருந்துச்சுன்னா அந்த ஆளு மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன். இல்லேன்னா…" அவள் கூஜாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இல்லேன்னா கால்ல விழுந்து வீட்டுக்குப் போயிருவேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்ணே. தெரியாம எப்புடி இருக்கிறது?"

தங்கையின் குடும்பம் ஒரு கண்ணாடிக் குழாயில் தொங்குகிறது என்பது அமிர்தநாதனுக்குப் புரிந்தது. அவருக்கும் உள்ளூர றோலண்ட் மேல்தான் சந்தேகம். நீலக் கையோடு ரொட்டி பிட்டுக் கொடுத்திருக்கிறான், வேறு எங்கே தேடுவது?

"புள்ளைக்கி என்னென்ன குடுத்த? ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

மரியநாயகி சொன்னாள். வயிற்றுப்போக்குக்கு எல்லா வீட்டிலும் செய்கிற கைமருந்துதான். பாலில்லாத சாயத்தண்ணி கடுப்பாக ஊற்றி, சீனி போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டியவளுக்கு அப்போது அடுப்பு மூட்ட நேரம் ஏது? ராத்திரியே ஊற்றி, கூஜாவில் நிரப்பி மூடி வைத்துவிடுவாள். காலையில் பிள்ளையோடு கூஜாவையும் பிள்ளைக்காம்பராவில் அம்மாக்கண்ணுவிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போவாள். போக்கு நிற்கவில்லை என்றதும் இன்னும் இரண்டு பழம் கூடப் பிழிந்திருக்கிறாள். பெரியவர்கள் குடித்தது அடுப்பிலிருந்து நேராகத் தகரக் கோப்பையில். கூஜா பிள்ளைக்கு மட்டும்.

"அப்பிடியே ஊத்திக் காட்டுறேன் பாருங்க. அப்பத்தான் சரியா வரும்" என்று, கொண்டுவந்த பீலித் தண்ணீரில் பாதியைக் காய்ச்சி, அதே தூளைப் போட்டு, அதே அளவு எலுமிச்சை பிழிந்து, அதே கூஜாவில் ஊற்றி அண்ணனிடம் கொடுத்தாள். ஊற்றும்போது அழுதாள்.

மறுநாள் காலையில் அமிர்தநாதன் எல்லாவற்றையும் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனார். பெரிய கெமிஸ்ட் கொழும்புக்குப் போயிருந்தது வசதியாயிற்று. பீலித் தண்ணீரில் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஓடைத் தண்ணீரில் ஒரு பொட்டு நிறம் வந்தது, அவ்வளவுதான். தூளைச் சுட்டுப் பார்த்தார். கம்பெனிக்கு வரும் தேயிலையில் உள்ளதுதான் இருந்தது. அதே தூளையும் அதே தண்ணீரையும் எலுமிச்சையையும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்துப் பார்த்தார். அதிலும் பயமில்லை. கடைசியாகக் கூஜாத் தேத்தண்ணியை வற்றவைத்து எரித்துக் கரைத்து, மருந்தைச் சொட்டினார்.

நிறம் தேனில் நிற்கவில்லை, கடுஞ்சாயமாகக் குழாய் முழுக்க இறங்கியது. வரிசையில் இருந்த எந்தக் குழாயோடும் ஒத்துப்போகவில்லை. தண்ணீர் விட்டு இளக்கிப் பார்த்தார், இன்னும் இளக்கினார், அப்போதும் கடைசிக் குழாயைத் தாண்டித்தான் நின்றது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

கூஜாவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய ஈயப் பூச்சு எங்கோ ஓரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் பித்தளை. அடியில் பச்சைக் களிம்பு.

அம்மா அந்தோனியம்மா இருந்த காலத்தில் வருஷம் தவறாமல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஈயக்காரர் வருவார். லயத்து வாசலில் துருத்தி போட்டு, நவச்சாரப் புகை மணக்க, எல்லார் வீட்டுப் பித்தளைக்கும் உள்ளே ஈயம் பூசிக் கொடுத்துவிட்டுப் போவார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதில் அக்கரையிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஈயக்காரருக்கு அனுமதிச் சீட்டு யார் வாங்கித் தருவார்கள்? வருவது நின்றுபோயிற்று. ஈயம் போன பாத்திரத்தில் புளிரசம் வைக்கக் கூடாது, களிம்பேறிவிடும் என்பது சின்னப் பெண்ணுக்கும் தெரியும். மரியநாயகிக்கும் நன்றாகத் தெரியும். அவள் கூஜாவில் புளியை வைத்ததே கிடையாது. ஆனால் அது தேத்தண்ணிதானே! தேத்தண்ணியை யார் புளி என்று நினைப்பார்கள்? அதில் பிழிந்த பழத்தை மருந்து என்றல்லவா நினைத்தாள்.

போக்கு நிற்கவில்லை என்று கூட இரண்டு பழம். அதை நினைத்தபோது அமிர்தநாதன் உலைக்கு முன்னால் குந்திவிட்டார்.

பிள்ளை அதனால்தான் செத்தது என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் டாக்டர் இல்லை. வயிற்றுப்போக்கிலேயே எத்தனை பிள்ளைகள் போயிருக்கின்றன! அவர் கண்டதெல்லாம் தேத்தண்ணியில் செம்பு இருந்தது, அது றோலண்டின் கையிலிருந்து வரவில்லை என்பது மட்டும்தான். ஆனால் இந்த நியாயமெல்லாம் ஒரு தாயிடம் எடுபடுமா? புருஷனைக் கொலைகாரன் என்று லயம் கேட்கக் கத்தியவள், அதே சொல்லைத் தன் மேல் திருப்பிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

தங்கையிடம் இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை கழிந்ததும் பூண்டுலோயாவுக்குப் போனார். லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை. றோலண்ட் பின்புறம் கல்லில் உட்கார்ந்து செங்கல் துண்டால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"மாப்ள, விடுங்க அதை" என்று கையைப் பிடித்தார் அமிர்தநாதன். "ஒங்க மேல தப்பில்ல. நான் பாத்துட்டேன். தண்ணியில இல்ல, தூள்ல இல்ல. கூஜாவுல ஈயம் போயிருச்சு. எலுமிச்சங்கா பட்டு, ராவெல்லாம் ஊறி, பித்தளையில இருக்கிற செம்பு அதுல எறங்கியிருக்கு."

றோலண்டுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது விளங்கியது. அவன் முகத்தில் உயிர் வந்தது. தன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு அந்த உயிர் அப்படியே வடிந்துபோனது.

"மச்சான், அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லாதீங்க."

"பைத்தியமா ஒங்களுக்கு? சொன்னாத்தான் அவ திரும்பி வருவா."

"வரமாட்டா மச்சான். ஆத்துலதான் போய் விழுவா. கொத்மலை ஓயா இங்கேருந்து எவ்வளவு தூரம்? எனக்கு அவளத் தெரியும். ராத்திரி தூங்காம ஊத்தி வச்சா மச்சான் அந்தத் தண்ணிய… ஒவ்வொரு வாயும் செபம் சொல்லிக் குடுத்தா." அவன் செங்கல் துண்டை ஓரமாக வைத்தான். "இத்தன நாளு நான்தான்னு நெனச்சு இருந்திட்டேன்ல? செத்தா போயிட்டேன்? பழி எம்மேலயே இருக்கட்டும். எனக்குத் தாங்கும். நான்தான்னு சொல்லிருங்க."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமே இல்லை, பழிக்கு மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அமிர்தநாதன் எவ்வளவோ வாதாடினார். இரண்டு மனிதர்களும் அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுததை லயத்துக்காரர்கள் பார்த்தார்கள். மச்சான் வந்து திட்டிவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஹட்டனுக்கு வந்து தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அமிர்தநாதன் பொய்யைச் சொல்லிவிட்டார். "தண்ணியில இருந்துச்சு, மரியா." அவ்வளவுதான் சொன்னார். வாழ்நாளில் ஒரு கணக்கைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர். மரியநாயகி தலையை ஆட்டினாள். அழவில்லை. தாலியைக் கழற்றி மாதா சுருபத்தின் காலடியில் வைத்தாள்.

கூஜாவை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சோதனைச்சாலையில் அமிலம் பட்டு ஓட்டையாகிவிட்டது என்றார். அம்மாவுடையதை இப்படிப் பாழாக்கிவிட்டீர்களே என்று ஒரு மாதம் அண்ணனோடு பேசாமல் இருந்தாள். அவர் அதை நசுக்கிப் பழைய பித்தளைக்காரனுக்குப் போட்டார். ஈயம் போன பாத்திரத்தில் எலுமிச்சைத் தேத்தண்ணி வைக்காதீர்கள் என்று தெரிந்த வீடுகளிலெல்லாம் சொல்லி வந்தார், தங்கை இல்லாத நேரம் பார்த்து. சாம்பல் மாஸ்டருக்கு மறை கழன்றுவிட்டது என்று ஊர் பேசியது.

வருஷங்கள் போயின. மரியநாயகி ஹட்டனில் கன்னியர் மடத்தில் துணி துவைக்கும் வேலைக்குப் போனாள். றோலண்ட் அதே தோட்டத்தில் அதே பீப்பாயைக் கலக்கிக்கொண்டு கிடந்தான். பிள்ளையைத் தின்றவன் என்று பெயர் நிலைத்துவிட்டது. திருநாளுக்கு அவனைப் பாடக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் அவன் கையால் யாரும் தண்ணீர் வாங்குவதில்லை. அமிர்தநாதன் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை போய், அவன் ஊற்றித் தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும், "இப்பச் சொல்லிரட்டுமா மாப்ள?" என்று கேட்பார். அவன் ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சை எடுப்பான். திரும்பும் ரயிலில் அமிர்தநாதனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும். தங்கையைக் காப்பாற்ற இன்னொருவனை உயிரோடு எரிக்கிறோமே என்று தோன்றும். வீட்டுக்குள் நுழைந்து அவளைப் பார்த்தால் வாய் திறக்காது.

அறுபத்து நான்காம் வருஷத்துத் தவக்காலத்தில் றோலண்ட் நெஞ்சு வலித்து இருமி ஆஸ்பத்திரியில் விழுந்தான். காசம் என்றார்கள் சிலர், மருந்துப் புகை என்றார்கள் சிலர். தேறமாட்டான் என்பதில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம். அமிர்தநாதன் வீட்டில் அதைச் சொன்னபோது மரியநாயகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டு, "நானும் வாரேண்ணே" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அமிர்தநாதன் மனசுக்குள் சொல்லைத் தயார் பண்ணிக்கொண்டே போனார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. சாகப் போகிறவனுக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன் மனைவியைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். முடியவில்லை. கைகளைப் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டான். மரியநாயகி பக்கத்தில் போய் நின்று, யாரும் எதிர்பாராதபடி, போர்வையை விலக்கி அந்தக் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். "தெரியாமத்தானே நடந்துச்சு. சூசை மேல எவ்வளவு உசிரா இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? இத்தன வருசம் நெஞ்சுல கல்ல வச்சுக்கிட்டு இருந்திட்டேன். இன்னைக்கி ஆண்டவரு பேரால மன்னிச்சிட்டேங்க. முழு மனசா மன்னிச்சிட்டேன்."

அமிர்தநாதன் வாயைத் திறந்தார். "மரியா…" என்றதும் றோலண்ட் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது கெஞ்சல் இல்லை, மிரட்டல். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "ஒனக்குப் பெரிய மனசு புள்ள" என்றான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அது சந்தோஷக் கண்ணீர்தான் என்று அமிர்தநாதன் பிற்காலத்தில் சத்தியம் பண்ணியிருக்கிறார். ஏறத்தாழப் பதினோரு வருஷம் கழித்து அவள் அவனைத் தொட்டாளே, அந்தச் சந்தோஷம்.

இரண்டாம் நாள் போய்விட்டான். மரியநாயகி தானே குளிப்பாட்டி, அந்த விரல்களில் செபமாலையைச் சுற்றி வைத்தாள். கல்லறையிலிருந்து திரும்பி நடக்கும்போது, வெகுகாலமாகக் காணாத ஒரு தெளிவு அவள் முகத்தில் இருந்தது.

"மன்னிச்சதுக்கு அப்பறந்தாண்ணே எனக்கு மூச்சே வருது" என்றாள். "அது மட்டும் செய்யாம விட்டிருந்தேன்னா, நான் எவ்வளவு பெரிய பாவியாப் போயிருப்பேன்?"

அமிர்தநாதன், "ஆமா, மரியா" என்றார்.